ரெட் சாக்ஸ் ரசிகர்களிடம் டிரேடு பற்றிப் பேச்செடுத்தால்

பாஸ்டன் நகரத்து பேஸ்பால் அணியான ரெட் சாக்ஸின் மைதானம் ஃபென்வே பார்க். அங்கே பக்கத்து இருக்கைக்காரருக்கு யாரை இழந்த கோபம் என்பதை அவர் முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். சட்டையில் 50 என்று இருந்தால், டிரேடில் (ஓர் அணி தன் வீரரை இன்னோர் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு ஆள் வாங்குவது) மூக்கி பெட்ஸ் போன வருத்தம் இன்னும் ஆறவில்லை. 11 என்றால் ரஃபேல் டெவர்ஸ். வேலைக்காக இந்த ஊருக்கு வந்த எனக்கு, ஆட்டம் புரிவதற்கு முன்பே இந்தச் சண்டைகள் புரிந்துவிட்டன.

ஒருநாள் கேலரியில் எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன். வெள்ளை ஜெர்சி, முதுகில் பெட்ஸ், 50. என் பக்கத்தில் இருந்த பெரியவர் அவன் தோளைத் தட்டி, "ஹோம் ஜெர்சியில் பெயரே கிடையாது, கடைக்காரன் உன் தலையில் கட்டிவிட்டான்" என்றார். உண்மைதான். ரெட் சாக்ஸ் வீரர்கள் உள்ளூரில் அணியும் வெள்ளைச் சட்டையில் எண் மட்டும்தான் இருக்கும். பெயர் வெளியூர் ஆட்டத்துச் சாம்பல் நிறச் சட்டையில். பெரியவர் போட்டிருந்தது 9, மறைந்த பழைய நட்சத்திரம் டெட் வில்லியம்ஸின் எண். "இவரை இனி யாரும் டிரேடு பண்ண முடியாது" என்று கண்ணடித்தார்.

பையன் விடுவானா? 2018இல் கோப்பையும் வாங்கிக் கொடுத்து, சிறந்த வீரருக்கான எம்விபி விருதும் வாங்கிய ஆளை, 2020 பிப்ரவரியில் டேவிட் பிரைஸோடு சேர்த்து லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பியது எந்த ஊர் நியாயம் என்று ஆரம்பித்தான். பதிலுக்கு வந்தவர்கள் வெர்டூகோ, ஜீட்டர் டவுன்ஸ், கானர் வாங். பிரைஸின் மீதிச் சம்பளத்தில் பாதியையும் பாஸ்டனே ஏற்றுக்கொண்டது.

பெரியவரின் பதில் 2004. ஊரே கொண்டாடிய நோமார் கார்சியாபாராவை ஜூலை 31 அன்று சிகாகோ கப்ஸுக்குத் தள்ளிவிட்டார் வீரர்களைச் சேர்ப்பதையும் மாற்றுவதையும் முடிவு செய்யும் ஜெனரல் மேனேஜர் தியோ எப்ஸ்டீன். "நாங்கள் அழாத அழுகையா? அக்டோபரில் 86 வருடக் கனவு நிறைவேறியது." அதே நாளில் சத்தமில்லாமல் டாட்ஜர்ஸிடமிருந்து வாங்கிய டேவ் ராபர்ட்ஸ்தான், பரம எதிரி நியூயார்க் யாங்கீஸிடம் தோற்று வெளியேற இருந்த நேரத்தில் இரண்டாம் பேஸைத் திருடி (பந்து அடிபடும் முன்பே அங்கே ஓடிச் சேர்ந்து) ஆட்டத்தைத் திருப்பியவர். பையன் சிரித்தான்: "அந்த ராபர்ட்ஸ் இப்போது யாருக்கு மேனேஜர்? டாட்ஜர்ஸுக்கு. பெட்ஸை வைத்து 2020லேயே கோப்பையை வாங்கிவிட்டார்."

பெரியவர் பாப்கார்னைப் பார்க்க ஆரம்பித்தார்.

என் ஓட்டு பையனுக்குத்தான். 2004இல் அணியின் ஃபீல்டிங் ஓட்டையை அடைக்க ஆளை மாற்றினார்கள், அந்த வருடமே ஜெயிப்பதற்காக. 2020இல் கணக்கு வேறு. அந்த வருடம் அணியின் சம்பளப் பட்டியல் 20.8 கோடி டாலரைத் தாண்டினால் லக்ஷரி டாக்ஸ் என்ற கூடுதல் வரி. தொடர்ந்து தாண்டினால் வரி விகிதம் ஏறும். அதற்குக் கீழே இறங்கப் போய், அடுத்து ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடியவர்) ஆகவிருந்த பெட்ஸை விட்டுவிட்டார்கள். டாட்ஜர்ஸ் அவருக்கு 12 வருடம், 36.5 கோடி டாலர் என்று கையெழுத்துப் போட்டது.

சட்டை விஷயத்தில் இவ்வளவு ஆழம் கிடையாது. 2021இல் மாரத்தானை நினைவூட்ட மஞ்சளும் நீலமுமாக ஒரு சட்டை வந்தபோது ரெட் சாக்ஸுக்கு ஏது மஞ்சள் என்று கத்தினார்கள். செப்டம்பரில் அதைப் போட்டுக்கொண்டு வரிசையாக ஜெயித்ததும் கடையில் கூட்டம்!

டெவர்ஸ் கதை வேறு ரகம். 2025 ஜூன் 15, தந்தையர் தினம். அன்று மதியம்தான் யாங்கீஸைத் தொடரில் முழுசாகத் துடைத்திருந்தார்கள். என்னோடு வேலை செய்பவருக்குக் காலையில் மகள்கள் பரிசளித்தது டெவர்ஸ் 11. சாயங்காலம் செய்தி: டெவர்ஸ் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு. திங்கட்கிழமை அந்தச் சட்டையை டேக்கோடு அலுவலகத்துக்கே கொண்டுவந்து காட்டினார். பிரெக்மன் என்ற புது வீரருக்காக டெவர்ஸை அவர் வழக்கமாக நிற்கும் மூன்றாம் பேஸிலிருந்து நகர்த்தினார்கள், முதல் பேஸில் நின்ற கசாஸ் காயமடைந்ததும் அங்கே போகச் சொன்னார்கள், அவர் மறுத்தார். இதில் தப்பு யார் மேல் என்று மதியச் சாப்பாடு முடியும்வரை விவாதம். "31 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் வாங்கியவர் சொன்ன இடத்தில் நிற்கக் கூடாதா?" என்று ஒரு கட்சி. "முதலில் அவரிடம் ஒழுங்காகப் பேசினார்களா?" என்று இன்னொன்று.

•

மேலே எழுதியவருக்கு: நான் சான் பிரான்சிஸ்கோ பக்கம். இங்கே டெவர்ஸை வாங்கியது பஸ்டர் போஸி. இந்த அணிக்கே கேட்சராக ஆடி மூன்று கோப்பை வாங்கியவர் இப்போது நிர்வாகத் தலைவர். அதனால் அவர் எடுத்த முடிவைக் கேள்வி கேட்கவே ஆட்களுக்குக் கூச்சம். ரயிலில் ஒருவர், டெவர்ஸ் இங்கேயும் 11ஆம் எண் கேட்டால் என்ன செய்வது என்று கவலைப்பட்டார். அது பழைய ஜயன்ட்ஸ் நட்சத்திரம் கார்ல் ஹப்பலின் நினைவாக, இனி யாருக்கும் தருவதில்லை என்று 1944லேயே ஓய்வு கொடுக்கப்பட்ட எண். டெவர்ஸ் 16 போட்டுக்கொண்டார். பாஸ்டனில் மாட்டேன் என்ற முதல் பேஸிலும் ஜூலையிலேயே நின்றார். உங்கள் நண்பரிடம் இதை மட்டும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.