மறு: ஹோலோகாஸ்ட்: பேரழிவா, பேரழிப்பா?

வணக்கம். இரண்டாம் உலகப் போரின்போது நாஜி ஜெர்மனி யூதர்களைக் கொன்றொழித்ததை ஆங்கிலத்தில் ஹோலோகாஸ்ட் என்கிறார்கள். நாம் மின்னாக்கம் செய்யும் ஆவணங்களின் சொற்பட்டியலில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற விவாதத்துக்கு என் பதில் இது.

> ‘பெருந்தகனம்’ நன்றாக இருக்கிறதே. மூலச் சொல்லின் பொருளும் அப்படியே வந்துவிடுகிறது.

அப்படியே வருவதுதான் சிக்கல், ஐயா. ஹோலோகாஸ்ட் என்பதன் கிரேக்க வேருக்கு ‘முழுவதும் எரிக்கப்பட்டது’ என்று பொருள். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் பலிபீடத்தில் முழுதாக எரிக்கும் காணிக்கைக்கு இந்த வேரிலிருந்துதான் சொல் எடுத்தார்கள். நம் பழைய தமிழ் பைபிளில் அது ‘சர்வாங்க தகனபலி’, கத்தோலிக்கர்களிடம் ‘எரிபலி’. பலி என்றால் கொடுப்பவர் ஒருவரும் ஏற்கிற கடவுள் ஒருவரும் வேண்டும். ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் யார் யாருக்குக் கொடுத்தார்கள்? யூதர்கள் பலர் ஹோலோகாஸ்ட் என்ற சொல்லைத் தவிர்ப்பதற்கு இந்த நெருடலே காரணம். போதாததற்கு, தகனம் என்றதும் நமக்கு மயானமும் சடங்கும் நினைவுக்கு வரும். சாம்பலுக்குக்கூடச் சடங்கு கிடைக்காதவர்களைப் பற்றிப் பேசுகிறோம்.

எபிரேயத்தில் இதற்கு ஷோவா என்று பெயர். இஸ்ரேலின் நினைவு நாளும் அந்தப் பெயரில்தான், 1959இல் சட்டமாகவே வந்தது. கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷில் சொல் வேறு: ஹுர்பன். எருசலேம் ஆலயம் இரண்டு முறை இடிந்ததைக் குறிக்கும் அதே சொல். கொல்லப்பட்ட 60 லட்சம் பேரில் பெரும்பாலோர் பேசியது யிட்டிஷ். உலகம் கற்றுக்கொண்டது ஷோவாவை. கிரேக்க நகரமான தெசலோனிக்கியிலிருந்து 1943இல் முகாமுக்கு ரயிலேற்றப்பட்ட யூதர்களோ ஸ்பானிய வழிவந்த லடினோ பேசியவர்கள். அவர்களுக்கு யிட்டிஷும் அயல்மொழி. அதனால் நாம் எந்தத் தமிழ்ச் சொல்லை முடிவு செய்தாலும், ஆவணத்தில் சாட்சி சொன்ன சொல்லைத் தனிக் குறிச்சொல்லாக வைத்தே ஆக வேண்டும். யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் வரலாற்றாளர் ரிங்கல்பிளமின் குழுவினர் அங்கே நடந்ததை யிட்டிஷிலும் போலிஷிலும் எழுதித் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் புதைத்துவைத்தார்கள். 1946இலும் 1950இலும் தோண்டி எடுத்தது அவர்கள் சொற்களை. மின்னாக்கம் செய்கிறேன் என்று நாம் அதை ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடக் கூடாது.

(ஹுர்பன் என்றே எழுதுவோம். ‘குர்பன்’ என்றால் நம்மவர்கள் குர்பானி என்று படிப்பார்கள். சுற்றிச் சுற்றி மறுபடி பலிக்கே வந்து நிற்போம்.)

> அப்படியானால் ‘பேரழிவு’ போதுமே. ஷோவாவுக்கும் அதுதானே பொருள்?

பொருள் சரி. எபிரேய வேதத்தின் செப்பனியா நூலில் ஷோவா வரும் இடத்தைத் தமிழ் பைபிள் ‘அழிவும் பாழ்க்கடிப்புமான நாள்’ என்கிறது. ஆனால் அழிவு தானாக வருவது. அழிப்பு ஒருவர் செய்வது. வெள்ளமும் சுனாமியும் பேரழிவு. இங்கே பட்டியல் போட்டவர், ரயிலுக்கு நேரம் குறித்தவர், கதவைப் பூட்டியவர் என்று ஆட்கள் இருக்கிறார்கள். செய்தவரை மறைக்கும் மொழி நாஜிகளுக்கே கைவந்த கலை. 1942 ஜனவரி 20இல் பெர்லினின் வான்சேயில் நாஜி அதிகாரிகள் நடத்திய கூட்டத்தின் குறிப்பில் கொலை என்ற சொல்லே கிடையாது. ‘கிழக்கே வெளியேற்றம்’தான் இருக்கிறது. ‘இறுதித் தீர்வு’ அவர்கள் வைத்த பெயர் என்பதால் நம் பட்டியலில் அது மேற்கோள் குறிக்குள் மட்டுமே வர வேண்டும்.

ஆக, என் பரிந்துரை யூதப் பேரழிப்பு. ‘வு’ போய் ‘ப்பு’ வருவதுதான் வித்தியாசம், அதற்காக நான் சண்டை போடத் தயார்.

> யூதப் பேரழிப்பு என்றால் யூதர் அழித்தார்களா, அழிக்கப்பட்டார்களா?

‘புலிகொல் யானை’ கதை! புலி கொன்ற யானையா, புலியைக் கொன்ற யானையா? தொல்காப்பியர் காலத்திலிருந்தே நம்மோடு இருக்கிற தடுமாற்றம். இனப்படுகொலையில் ‘இனம்’ கொன்றதா என்று யாரும் கேட்பதில்லையே, பழகிவிடும். ‘யூத இனப்படுகொலை’யே இருக்கட்டும் என்பவர்களுக்கு: இனப்படுகொலை என்பது வகைப் பெயர். சட்ட அறிஞர் லெம்கின் 1944இல் அச்சிட்ட ‘ஜெனோசைட்’ என்ற சொல்லுக்கு, 1948 ஐ.நா. உடன்படிக்கை வரையறுத்த குற்றத்துக்கு, நேரான தமிழ். ருவாண்டாவும் அதன் கீழ் வரும். பட்டியலில் அது மேல்தலைப்பாக இருக்கட்டும். பேரழிப்பு அதன் கீழே ஒரு நிகழ்வின் பெயர்.

அப்புறம், இதே விதியைத் திரிபுக்கும் வைக்கலாம். 2022இல் யுனெஸ்கோவும் ஐ.நா.வும் வெளியிட்ட ஆய்வில், டெலிகிராமில் இந்த நிகழ்வைப் பற்றி ஆய்வுக்கு எடுத்த பொதுப் பதிவுகளில் ஏறத்தாழப் பாதி மறுப்போ திரித்துச் சொல்வதோதான். தமிழில் ‘வரலாற்றுத் திரிபு’ என்று எழுதிப் பழகிவிட்டோம். திரிபு என்றால் பால் திரிவது மாதிரி, புணர்ச்சியில் எழுத்து மாறுவது மாதிரி. எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்பவரும், நாஜிகளுக்கு உதவிய உள்ளூர்க்காரர்களை வரலாற்றிலிருந்து அழிப்பவரும் வேண்டுமென்றே செய்கிறார்கள். அதனால் திரிப்பு.

மாட்டிக்கொள்வது ‘மறுப்பு’ ஒன்றில்தான். பொய்க்கு எதிராக எழுதினாலும் நமக்கு அது மறுப்பு நூல். ‘பேரழிப்பு மறுப்பு’ என்று தேடுபவருக்குப் பொய் சொல்பவரும் பொய்யை உடைப்பவரும் ஒரே பக்கத்தில் வந்து நிற்பார்கள். ‘நடவாமை வாதம்’ என்று ஒன்று தோன்றியது. வாயில் ஒட்டவில்லை, ஆனால் குழப்பாது. இதைவிட நல்லதாக யாராவது வைத்திருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் இதையே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.