வேர் பிளேட்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

எழுதியவர்: தொழிற்பயிற்சி ஆசிரியை, நாகர்கோவில்

எல்லாருக்கும் வணக்கம்.

லோடர், ஜேசிபி பராமரிப்பு பற்றி மாணவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கெட் அத்தியாயத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். ஆங்கில wear என்ற சொல்லுக்கு உடுத்துவது, தேய்வது என்று இரண்டு பொருளும் உண்டு. இணையத்தில் எந்திரம் மொழிபெயர்த்துப் போட்டிருக்கும் பக்கங்களில், பக்கெட்டின் அடியில் வைக்கும் தகடு "அணியும் தகடு" ஆகிவிட்டது. அதன் எஃகு "உடை எதிர்ப்பு எஃகு" ஆம். வேட்டி சட்டைக்கு எதிராகப் போராடும் எஃகு! நம்மூர் பில்களிலோ "வேர் பிளேட்" என்று எழுதுகிறார்கள். அதைப் படித்த மாணவன் ஒருவன், மரத்து வேரை வெட்டுகிற தகடா என்று கேட்டான். கேட்டதில் தப்பே இல்லை.

குழுவில் இதுவரை வந்தவை மூன்று: தேய்மானத் தகடு, தேய்வுத்தடுப்புத் தகடு, காப்புத் தகடு. தக்கலை அண்ணாச்சி தினமும் பக்கெட்டோடு மல்லுக்கட்டுகிறவர். அவர் வாயைத் திறந்தால் நல்லது.

எழுதியவர்: பட்டறைக்காரர், தக்கலை

டீச்சர், கேட்டுவிட்டீர்கள், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

> தேய்வுத்தடுப்புத் தகடு

இது மட்டும் வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய். எந்தத் தகடும் தேய்வைத் தடுப்பதில்லை. நம் மாவட்டத்துப் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட், கோண்டலைட் வகை. அதில் குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம் இருக்கிறது, பல இடங்களில் கார்னெட்டும் இருக்கிறது. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், மோனசைட் இவற்றோடு கார்னெட்டும் சிர்க்கானும் கலந்து கிடக்கின்றன. கடினத்தை அளக்க மோஸ், விக்கர்ஸ், பிரினெல் என்று மூன்று அளவுகள் உண்டு. மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, சிர்க்கான் 7.5. விக்கர்ஸ் கணக்கில் குவார்ட்ஸ் ஆயிரத்தைத் தாண்டும். நாம் வைக்கிற சாதாரண மைல்டு ஸ்டீல் தகடு பிரினெல் கணக்கில் 120 முதல் 150 வரைதான். விலை கூடிய ஹார்டாக்ஸ் 500 என்ற கடினத் தகடு வாங்கினாலும் 470 முதல் 530 வரை. இந்த அளவில் பிரினெல்லும் விக்கர்ஸும் ஏறக்குறைய ஒட்டியே போகும் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆக, நம்மிடம் இருக்கிற நல்ல தகடும் மணலைவிட மெத்தென்றுதான் இருக்கிறது. மணல் ஜெயிக்கும். எத்தனை மாதம் கழித்து ஜெயிக்கும் என்பதற்குத்தான் இவ்வளவு பாடும்.

"தடுப்பு" என்று பெயர் வைத்தால் இன்னொரு வினையும் உண்டு. ஆபரேட்டர் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார். தடுப்பு போட்டாச்சே, அப்புறம் என்ன என்று ஓட்டிக்கொண்டே இருப்பார். வண்டி பட்டறைக்கு வரும்போது தகடு போய், அதற்கு மேலே இருந்த பக்கெட்டின் சொந்த உடம்பும் பாதி போயிருக்கும். அந்தத் தகடு அங்கே இருப்பதே தேய்வதற்குத்தான். பக்கெட்டுக்குப் பதிலாக அது தேய வேண்டும், தேய்ந்ததும் கழற்றி வேறு வைக்க வேண்டும். பெயரைக் கேட்டதும் இது புரிந்தால் போதும்.

> காப்புத் தகடு

தப்பில்லை. ஆனால் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதும் காப்பு, விளக்குக்கு மேல் இருக்கும் கம்பிவலையும் காப்பு. இது எந்தக் காப்பு என்று ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டி வரும்.

> தேய்மானத் தகடு

தேய்மானத்தைக் கணக்கர்கள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். வருஷா வருஷம் வண்டியின் மதிப்பில் கழிக்கிறார்களே, அதுதான் அவர்களுக்குத் தேய்மானம். மூட்டு வலிக்கு ஆஸ்பத்திரி போனால் அங்கேயும் அதே சொல். உங்கள் கையேட்டில் வண்டிச் செலவு பற்றி ஒரு பக்கம் வந்தால் இரண்டும் மோதும். அதனால் பொருள் தேய்வதற்குத் தேய்வு, மதிப்பு குறைவதற்குத் தேய்மானம் என்று பிரித்துக்கொள்வோம்.

என் ஓட்டு "தேய்தகடு". தேய்பிறை சொல்கிற வாய்க்கு இது கஷ்டமாக இருக்காது.

இதோடு விட்டால் பாதிதான். தகட்டின் பெயர் வேறு, எஃகின் குணத்துக்குப் பெயர் வேறு. குணத்துக்குத் "தேய்வெதிர்ப்பு" வைக்கலாம். எதிர்ப்பதும் தடுப்பதும் ஒன்றில்லை, எதிர்த்துத் தோற்கவும் செய்யலாம். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு மாங்கனீசு எஃகே சாட்சி. 1882இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹேட்ஃபீல்டு கண்டுபிடித்த சரக்கு, மாங்கனீசு 12 சதவீதத்துக்கு மேல். புதிதாக இருக்கும்போது 200 பிரினெல் பக்கம்தான், ஆனால் கல் விழுந்து விழுந்து அடி வாங்கினால் மேல்தோல் 500 வரை இறுகும். கல்குவாரியில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதே எஃகைக் கடற்கரை மணலில் இறக்கிப் பாருங்கள். மணல் அடிப்பதில்லை, உரசிக்கொண்டு மட்டுமே போகிறது. அடி விழாததால் இறுகுவதே இல்லை, மளமளவென்று தேயும். அது மாங்கனீசு, ஒசத்தி என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதே, அது பாதி உண்மை. தேய்வெதிர்ப்பு என்பது எஃகுக்கு மட்டும் உரிய குணமில்லை, எதை வாருகிறோம் என்பதையும் பொறுத்தது என்று கையேட்டில் ஒரு வரி கட்டாயம் போடுங்கள்.

பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தால் தேய்வு எங்கே என்று அதுவே காட்டும். உள்பக்கம் முதுகுத் தகட்டில் கம்பெனி மஞ்சள் பெயின்ட் அப்படியே இருக்கும். வாயின் இரண்டு மூலையும் மழுங்கி உருண்டிருக்கும். அடியில், குதிகால் மாதிரி வளைகிற இடம் வெள்ளி போலப் பளபளக்கும்; விரலை வைத்தால் பிளேடு கணக்காக மெலிந்த விளிம்பு. பக்கெட்டைத் தரையில் அழுத்திப் பின்பக்கமாக இழுத்து மண்ணை நிரவுகிறார்களே, அந்த வேலை குதிகாலைத்தான் தின்கிறது. ரப்பர் தோட்டத்தில் மேடை வெட்டும் வண்டி, வீட்டுமனைக்குச் சரல் மண் நிரவும் வண்டி எல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும். அதனால் கனமான தகட்டை எங்கும் பரப்பி வைப்பது வலுவான பக்கெட் ஆகாது. கூட்டுகிற ஒவ்வொரு கிலோவும் வாருகிற மண்ணில் ஒரு கிலோவைக் குறைக்கும், டீசலையும் தின்னும். தேய்கிற இடத்தில் தேய்தகடு, வளைகிற இடத்தில் விறைப்புப் பட்டை. அவ்வளவுதான்.

"வலிமை", "கடினம்" இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவதைப் பல புத்தகங்களில் பார்க்கிறேன். கீறலுக்கும் குழிவுக்கும் இடம் கொடுக்காதது கடினம். பாரத்தைத் தாங்குவது வலிமை. மூன்றாவது ஒன்று இருக்கிறது, அடி விழும்போது வெடிக்காமல் தாங்குவது. அதற்கு நான் "முறியாமை" என்பேன். கடினம் ஏறினால் முறியாமை பெரும்பாலும் இறங்கும். நல்ல கடினத் தகட்டை வாங்கி வந்து, கேஸ் கட்டிங்கில் தாறுமாறாகச் சுட்டு வைத்தால் காசு தண்டம். 250 டிகிரிக்கு மேல் சூடு ஏறிய இடத்தில் கடினம் இறங்கிவிடும். ஈரமான வெல்டிங் ராடு வைத்துப் பற்றவைத்தால் ஹைட்ரஜன் உள்ளே போய், மறுநாள் தானாகவே விரிசல் விடும். கடலோரக் காற்றில் ராடு பாக்கெட்டைத் திறந்து வைத்தால் ஈரம் ஏற ரொம்ப நேரம் ஆகாது, அடுப்பில் உலர்த்தாமல் எடுக்கவே கூடாது.

அடுத்து "ஹார்டு பேசிங்". இதற்கு "வன்பற்று" என்று ஒரு யோசனை. தலைவலிக்குச் சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போடுவோமே, அதுபோல எஃகின் மேல் கடினமான உலோகத்தைப் பற்றவைத்துப் படிய வைக்கிறோம். அந்தப் படிவில் இருக்கும் குரோமியம் கார்பைடு துணுக்குகள் குவார்ட்ஸைவிடக் கடினமானவை, அதனால்தான் இது வேலை செய்கிறது. ஆறும்போது குறுக்கே மெல்லிய கீற்று விரிசல்கள் விழும். அது வழக்கம்தான், உள்ளே இருக்கும் இழுப்பு அதன் வழியாக வெளியேறுகிறது. வெல்டிங் விட்டுப்போச்சு என்று சண்டைக்கு வருகிற முதலாளிகளுக்கும் உங்கள் கையேட்டில் ஒரு பிரதி கொடுங்கள்.

பற்றை எப்படி இழுப்பது என்பதும் முக்கியம். பெரிய கல் வாருகிற பக்கெட்டில் கல் ஓடும் திசையிலேயே கோடு இழுக்க வேண்டும், கல் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். மண்ணும் எம்சாண்டும் வாருவதில் குறுக்கே இழுக்க வேண்டும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே மண் போய் அடைந்துகொள்ளும், அப்புறம் மண்ணின் மேல்தான் மண் உரசும். கல்லும் மண்ணும் கலந்து வந்தால் கட்டம் போடுவோம்.

கடைசியாக, முன்னால் போல்ட்டில் மாட்டுகிற வெட்டு விளிம்புக்கு "வாய்த்தகடு" சரியா? கத்தியின் கூர்ப்பக்கத்துக்கு வாய் என்ற பொருள் தமிழில் உண்டு. களியக்காவிளை தாண்டினால் மலையாளத்தில் "வாய்த்தல" என்பார்கள். பக்கெட்டுக்கும் அதுதானே வாய். ஒரு பக்கம் தேய்ந்ததும் திருப்பிப் போடுகிற வகை இருக்கிறது, அதைத் திருப்பாமலே தூக்கி எறிகிறவர்களும் இருக்கிறார்கள்.

எழுதியவர்: தமிழாசிரியர் (ஓய்வு), குழித்துறை

தம்பி, தேய்தகடு செல்லும். தேய்ந்த தகடு, தேய்கின்ற தகடு, தேயும் தகடு மூன்றும் அடங்கிய வினைத்தொகை. நடுவில் வல்லினம் மிகாது. "தேய்த்தகடு" என்று அச்சடித்துவிடாதீர்கள், தேய்த்த தகடு என்றாகிச் சாணை பிடித்ததுபோலப் பொருள் போய்விடும். பழைய ஆட்சியும் இருக்கிறது. நற்றிணை 284ஆம் பாட்டில் இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் கயிறு "தேய்புரிப் பழங்கயிறு". பாடியவர் பெயரே கிடைக்காமல் தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆகிவிட்டார்.

வன்பற்றில் எனக்குத் தயக்கம் உண்டு. பற்று என்றதும் பற்று வரவுதான் நினைவுக்கு வரும், அல்லது ஆசை. வன்பூச்சு என்றால் என்ன குறை?

எழுதியவர்: குவாரிப் பராமரிப்புப் பணியாளர், விளவங்கோடு

எங்கள் ஆபரேட்டர்கள் குதிகாலில் வைக்கிற வார்ப்புத் துண்டை லாடம் என்றுதான் சொல்வார்கள். மாட்டுக்கு அடிக்கிறதும் அதுதான், தேய்ந்தால் மாற்றுகிறதும் அதுதான். எல்லாவற்றுக்குமே லாடம் வைத்தால் என்ன? பக்கெட் முனையில் மாட்டுகிற பல்லுக்குப் பல் என்றே இருக்கட்டும். பல்லைச் செருகுகிற அடாப்டருக்கு ஒருவர் ஈறு என்றார், எல்லாரும் சிரித்தோம். ஆனால் அடுத்த நாளே ஸ்டோரில் வந்து ஈறு ஒன்று கொடுங்க என்று கேட்டார்கள்.

எழுதியவர்: பட்டறைக்காரர், தக்கலை

சார், பூச்சு என்றால் பெயின்ட் கடையில் கேட்பார்கள். சுண்ணாம்புப் பூச்சு, சிமென்ட் பூச்சு எல்லாம் தட்டினால் உதிரும். இது அடி உலோகத்தோடு உருகிக் கலந்தது, சுத்தியலால் அடித்தாலும் தனியாக வராது. பற்றவைப்பு என்று வெல்டிங்கைச் சொல்லிக்கொண்டிருப்பதால் பற்று இங்கே குடும்பச் சொல். கணக்குப் புத்தகத்துக்குப் பயந்தால் ஒரு சொல்லையும் எடுக்க முடியாது. (தேய்மானத்துக்கு மட்டும் பயந்தேனே என்று கேட்காதீர்கள். அங்கே இரண்டும் ஒரே வண்டியின் கணக்கு, இங்கே அப்படி இல்லை.)

லாடம் அருமையான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் லாடம் என்றதும் காலுக்கு அடியில் இருப்பது மனசில் வருகிறது. குதிகால் துண்டுக்கு அதையே வைப்போம். பக்கச் சுவரிலும் உள்பக்கத்திலும் வைக்கிற தகட்டை லாடம் என்றால் ஒட்டாது. தேய்தகடு பொதுப்பெயர், லாடம் அதில் ஒரு வகை. ஈறு உங்கள் ஸ்டோரில் ஓடுகிறதென்றால் நான் யார் தடுக்க?

எழுதியவர்: தொழிற்பயிற்சி ஆசிரியை, நாகர்கோவில்

தேய்தகடு, தேய்வெதிர்ப்பு, வாய்த்தகடு, லாடம், ஈறு எல்லாம் எடுத்துக்கொண்டேன். வன்பற்றை வைத்து, சார் சொன்ன வன்பூச்சையும் அடைப்புக்குறிக்குள் போடுகிறேன். மாணவர்கள் எதைப் பிடித்துக்கொள்கிறார்களோ பார்ப்போம். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் "வேர் பிளேட்" என்ற கடைப் பெயரும் இருக்கும், இல்லாவிட்டால் பில்லைப் படிக்கத் தெரியாமல் போகும்.

இன்னும் ஒன்று பாக்கி. வாய்த்தகட்டை மாட்டுகிற போல்ட்டைக் கடையில் "பிளவ் போல்ட்" என்று கேட்டு வாங்குகிறோம். இதற்கு?

எழுதியவர்: பட்டறைக்காரர், தக்கலை

அதன் பெயரிலேயே கலப்பை இருக்கிறது டீச்சர். கலப்பையில் மண்ணைக் கீறுகிற இரும்பான கொழுவை மாட்டப் பிறந்த போல்ட்தான் பக்கெட்டுக்கு வந்திருக்கிறது. "கொழுவாணி" என்று வையுங்கள், நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொழு என்றால் தாத்தாவாவது சொல்லிக்கொடுப்பார்.

கழுத்து சதுரமாக இருப்பது எதற்கு என்பதையும் எழுதுங்கள். துளைக்குள் பிடித்துக்கொண்டு, நட்டை முறுக்கும்போது போல்ட் சேர்ந்து சுற்றாமல் இருக்கத்தான். தலை தகட்டுக்குள் அமுங்கி உட்காரும், தகடு தேயத் தேயத் தலையும் தேயும். சதுரத் துளை எட்டிப் பார்க்கும் வரை விடக்கூடாது. தலை போய்விட்டால் வாய்த்தகடு கழன்று கல்லோடு கல்லாக டாரஸ் லாரியில் ஏறி, கல் உடைக்கும் கிரஷருக்குள் போய் விழும். அப்புறம் அந்தச் செலவுக்குத் தமிழ்ச் சொல் தேட வேண்டியிருக்கும்.