1978 புல்லட் 350: புது செயின் எட்டே மாதத்தில் தொங்குகிறது. தவறு எங்கே?

திண்டுக்கல் காஸ்ட் அயர்ன்:

வணக்கம். அப்பா ஓட்டிய வண்டி. வலது பக்க கியர், இடது பக்க பிரேக். பன்னிரண்டு வருடம் மாட்டுக்கொட்டகையில் நின்றதை ஒருவழியாக எடுத்து ஓட வைத்தேன். பழைய செயின் துருப்பிடித்து விறகு மாதிரி கிடந்தது. கடையில் புல்லட் செயின் என்று கேட்டு வாங்கி மாட்டினேன். பெட்டியில் 530 என்று போட்டிருந்தது.

அதற்கப்புறம் 2,100 கி.மீ. கூட ஓடவில்லை. மூன்று முறை சக்கரத்தைப் பின்னால் தள்ளிக் கட்டியாகிவிட்டது. ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் ஓரிடத்தில் கம்பி மாதிரி விறைக்கிறது, இன்னோரிடத்தில் தூளி மாதிரி தொங்குகிறது. மூன்றாவது கியரில் மெதுவாகப் போனால் 'கடக் கடக்' என்று வெட்டி வெட்டி இழுக்கிறது. மெக்கானிக், "செயின் மட்டமான சரக்கு, வேற போட்டுருவோம்" என்கிறார். அப்படியே செய்வதா? போடுவதானால் ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினாகப் போட்டுவிடலாமா? எண்ணெய் என்ன விடுவது என்பதையும் சொல்லுங்கள். ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கோவை 500:

530 சரியான அளவுதான். முதல் எண் 5 என்றால் ஒரு பின்னிலிருந்து (லிங்குகளைக் கோக்கும் ஊசி) அடுத்த பின்னுக்கு உள்ள தூரம், அதாவது பிட்ச், 5/8 அங்குலம், 15.875 மி.மீ. அடுத்த 30 உள் அகலம், 3/8 அங்குலம். யமஹா ஆர்.எக்ஸ். 100-இல் வரும் 428 இதைவிடச் சின்னது, 1/2 அங்குல பிட்ச். பெட்டியில் எண் சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பது போலியாக இருக்கலாம். எங்கள் ஊர் ரோலானோ, அம்பத்தூர் டயமண்டோ, இந்த பிராண்டு செயினாக நம்பிக்கையான கடையில் பில் போட்டு வாங்குங்கள். ஆனால் அதற்குள் அவசரப்பட வேண்டாம். முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மாற்றினீர்களா?

திண்டுக்கல் காஸ்ட் அயர்ன்:

இல்லை அண்ணா. பின்னால் பிரேக் டிரம்மிலேயே இருக்கும் பல் நன்றாக இருப்பதாக மெக்கானிக் சொன்னார். முன் ஸ்ப்ராக்கெட் கண்ணுக்கே தெரியவில்லையே.

பி.எஸ்.ஏ. பிரியன்:

கியர்பாக்ஸ் நட்டுகளைத் தளர்த்திக் கொஞ்சம் பின்னால் நகர்த்திப் பாருங்கள். இன்ஜினிலிருந்து கிளட்ச்சுக்குப் போகும் பிரைமரி செயின் தொங்கினாலும் இப்படி வெட்டும். என் பி.எஸ்.ஏ. வண்டியில் அதுதான் காரணமாக இருந்தது.

லேத் பட்டறை:

பி.எஸ்.ஏ. சார், அது உங்கள் வண்டிக்குச் சரி. புல்லட்டில் கியர்பாக்ஸ் இன்ஜின் கூட்டோடு போல்ட் போட்டு இறுக்கியது, நகராது. பிரைமரி செயினைச் சரிசெய்ய உள்ளே தனியாக ஒரு அட்ஜஸ்டர் உண்டு. தம்பி, அந்த நட்டுகளில் கை வைக்காதீர்கள்.

செயினைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு சோதனை செய்யுங்கள். காசு செலவில்லை, சாக்பீஸ் மட்டும் போதும்.

ஒன்று, அளவு. செயினைக் கழற்றி ஒரு பலகையில் இழுத்துப் பிடித்து, ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 லிங்க் எண்ணி அளக்க வேண்டும். புதிதாக இருந்தால் சரியாக 15 அங்குலம், 381 மி.மீ. வரும். அடிக்குக் கால் அங்குலம் கூடினால் தூக்கிப் போடு என்பது அந்தக் காலக் கணக்கு. 24 லிங்குக்கு எட்டு மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் அளந்தால் போதாது, மூன்று நான்கு இடத்தில் அளக்க வேண்டும்.

இரண்டு, விறைப்பு எங்கே வருகிறது என்பது. செயினை மாட்டி, கியரை நியூட்ரலில் போட்டுக் கையால் சுற்றுங்கள். விறைக்கும் இடம் வந்ததும் நிறுத்தி டயரில் ஒரு கோடு, அந்த நேரத்தில் கீழ்ப்பக்கம் நடுவில் நிற்கும் லிங்கில் ஒரு கோடு போடுங்கள். பிறகு நிறையச் சுற்று சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் டயர் கோடு அதே இடத்துக்கு வரும்போது விறைத்தால் டிரம் கோணல். லிங்கில் போட்ட கோடு கீழே வரும்போது மட்டும் விறைத்தால் செயினே ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் இரண்டு மூன்று முறை விறைத்தால் முன் ஸ்ப்ராக்கெட்.

இன்ஜினை ஓடவிட்டு இதைச் செய்யாதீர்கள். துணியோடு விரலும் பல்லுக்குள் போனவர்களை எனக்குத் தெரியும்.

திண்டுக்கல் காஸ்ட் அயர்ன்:

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே வேலைதான். ஓரிடத்தில் 384 மி.மீ., எதிர்ப்பக்கம் 391! விறைப்பு லிங்க் கோட்டோடுதான் வருகிறது. அப்படியானால் செயின்தானே மட்டம்? மெக்கானிக் சொன்னது சரியாகிவிட்டதே.

லேத் பட்டறை:

செயின் போய்விட்டது என்பது சரி. ஏன் போனது என்பதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

செயின் இழுபடுகிறது என்கிறோமே, உண்மையில் தகடு நீளுவதில்லை. பின்னும் அதைச் சுற்றியுள்ள குழல் போன்ற புஷ்ஷும் ஒன்றை ஒன்று தேய்த்து ஓட்டை பெரிதாகிறது. லிங்குக்கு 0.3 மி.மீ. தேய்ந்தாலே மொத்தத்தில் இரண்டு சதவீதம் நீளும். ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்திருக்கிறது என்றால் அந்தப் பக்கத்துப் பின்களுக்கு எண்ணெய் போகவில்லை. இவ்வளவு வேகமாகத் தேய்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்க வேண்டும். தேய்ந்த பல்லில் புது செயினைப் போட்டால் பிட்ச் ஒத்துவராது. மொத்தச் சுமையையும் ஒன்றிரண்டு பல்லே தாங்கும், செயினின் ரோலர் கொக்கியாகத் தேய்ந்த பல் மீது ஏறி இறங்கும். உங்கள் 'கடக் கடக்' அதுதான் என்று நினைக்கிறேன். இதுவரை எண்ணெய் எப்படி விட்டீர்கள்?

திண்டுக்கல் காஸ்ட் அயர்ன்:

வாட்டர் வாஷ் முடிந்ததும் துரு நீக்கும் ஸ்பிரே அடிப்பேன். சக்கரத்தைச் சுற்றியதில்லை, தெரிகிற பகுதிக்கு மட்டும். (இப்போது எழுதும்போதே எனக்குப் புரிகிறது.)

கோவை 500:

அந்த ஸ்பிரே துருவை இளக்கத்தான், எண்ணெய் வேலைக்கு அல்ல. இருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு போயிருக்கும்.

முன் ஸ்ப்ராக்கெட்டைப் பார்த்தே ஆக வேண்டும். புல்லட்டில் எல்லோரும் தப்பவிடுவது அதைத்தான். இடது பக்க மூடி நடுவில் ஒரே நட்டில் நிற்கும், அது சுலபம். அதற்குள் ஆல்டர்னேட்டர், கிளட்ச், பிரைமரி செயின், அப்புறம் உள் மூடி, இவ்வளவையும் கழற்றினால்தான் ஸ்ப்ராக்கெட் முகம் காட்டும். அரை நாள் வேலை என்பதால் மெக்கானிக்குகள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. பின் டிரம்மில் 38 பல், முன்னால் 16 என்றால் பின் சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் முன் பல் இரண்டேகால் சுற்றுக்கு மேல் வந்துவிடுகிறது. எது முதலில் தேயும் என்று பாருங்கள். திறக்கும்போது அங்கே உள்ள சீலையும் மாற்றிவிடுங்கள், அதற்காக இன்னொரு முறை கழற்ற மனம் வராது.

ஓ-ரிங் பற்றிக் கேட்டீர்கள். எனக்கு அதில் ஆசை இல்லை. ரப்பர் வளையத்தால் செயின் ஊசியின் நீளம் கூடும், பழைய புல்லட்டில் மூடியிலோ செயின் கார்டிலோ உரச வாய்ப்புண்டு. போட்டே தீருவேன் என்றால் லாக் (செயினின் இரு முனையையும் இணைக்கும் லிங்க்) இருக்கும் இடத்தை உள் மூடிக்கு நேராகக் கொண்டுவந்து இடைவெளி பார்த்துவிட்டுப் போடுங்கள். அதைப் பெட்ரோலில் கழுவவும் கூடாது. இந்த வண்டிக்குச் சாதாரண செயினே போதும், கவனிக்க ஆள் இருந்தால்.

ஓய்வுபெற்ற டிப்போ மெக்கானிக்:

எண்ணெய்க்கு நான் சொல்கிறேன். அந்தக் காலத்தில் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டுக் கழுவி, வெயிலில் காயவிடுவோம். பழைய சட்டியில் கிரீஸை இளஞ்சூட்டில் உருக்கி, செயினைச் சுருட்டி உள்ளே போட்டால் குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். அந்த இடத்துக்கு கிரீஸ் உள்ளே போகும். குமிழி நின்றதும் எடுத்துத் தொங்கவிட்டு வடிய வைக்க வேண்டும். இதை வீட்டு அடுப்பில் செய்து அடி வாங்கியவன் நான். வெளியே செய்யுங்கள், நேரடித் தீயில் வைக்காதீர்கள்.

அவ்வளவு பொறுமை இல்லையென்றால் 90 நம்பர் கியர் ஆயில் போதும். 400, 500 கி.மீ.க்கு ஒரு தடவை, மழையில் ஓட்டினால் அன்றைக்கே. வண்டி ஓடி வந்து செயின் சூடாக இருக்கும்போது, கீழ்ச் செயினின் உள்பக்கமாகச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். ராத்திரி ஊறட்டும், காலையில் மேலே உள்ளதைத் துடைத்துவிடுங்கள். வெளியே பளபளவென்று தெரிகிற எண்ணெய் புழுதியைத்தான் பிடிக்கும். பழைய இன்ஜின் ஆயிலை விடாதீர்கள், அதில் உலோகத் தூள் மிதக்கும்.

இன்னொன்று. பழைய புல்லட்டில் இன்ஜினுக்குள்ளிருந்து காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயைச் செயின் பக்கம் திருப்பி விட்டிருப்பார்கள், அதில் வரும் எண்ணெய்ப் புகையே செயினை நனைக்கும். உங்கள் வண்டியில் யாராவது அதை வேறு பக்கம் திருப்பிவிட்டார்களா என்று பாருங்கள்.

திண்டுக்கல் காஸ்ட் அயர்ன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். திறந்து பார்த்தோம். 16 பல்லும் சுறா முதுகு மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து கூராக இருக்கிறது. மெக்கானிக்கே கொஞ்ச நேரம் பேசவில்லை. பிரீதர் குழாய்? தரையைப் பார்த்துத் தொங்குகிறது, பழைய ஓனர்... அதாவது அப்பாதான்.

டிரம் பல்லும் கொஞ்சம் கொக்கி விட்டிருக்கிறது. வெல்டிங் வைத்துப் பல் வெட்டலாம் என்கிறார் ஒருவர். சரியா?

லேத் பட்டறை:

வேண்டாம். அது பிரேக் டிரம்மும் கூட. வார்ப்பிரும்பில் சூடு வைத்தால் கோணும், விரிசலும் விடலாம். பல்லை லேத்தில் சீவிவிட்டு வளைய ஸ்ப்ராக்கெட் ஒன்றைப் பொருத்தும் வேலையை நானே செய்திருக்கிறேன், ஆனால் புது டிரம் கிடைக்கும்போது அது தேவையில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தேடுங்கள். மாற்றும்போது டிரம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் அதிர்ச்சியைத் தாங்கும் குஷ் ரப்பரையும் பாருங்கள். அது நசுங்கியிருந்தாலும் வெட்டி இழுக்கும்.

திண்டுக்கல் காஸ்ட் அயர்ன்:

முன், பின், செயின், ரப்பர் நான்கும் மாற்றியாகிவிட்டது. மூன்றாவது கியரில் சத்தமே இல்லை. ஒரு சந்தேகம்: சக்கரத்தைத் தள்ளிக் கட்டிய பிறகு பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது, டிரம் சூடாகிறது.

கோவை 500:

சக்கரம் பின்னால் போனால் பிரேக் ராடும் இழுபடும். ராடின் நட்டைத் தளர்த்திவிடுங்கள். அடுத்த முறை வரிசை இப்படி: முதலில் பிரேக் தகட்டின் ஆங்கர் நட், பிறகு அச்சு நட், சக்கரத்தைத் தள்ளும் இரண்டு பக்க கேமிலும் ஒரே எண்ணிக்கைப் பள்ளம், கடைசியில் ராடு. செயின் மிக விறைப்பாக இருக்கும் இடத்தில், வண்டியில் ஒருவரை உட்காரவைத்து, ஏறக்குறைய ஒரு அங்குலம் ஆட்டம் இருக்கட்டும். லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், மாறிப் போட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள்.

திண்டுக்கல் காஸ்ட் அயர்ன்:

மாறித்தான் இருந்தது. மாற்றிவிட்டேன். பழைய செயினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடவா?

ஓய்வுபெற்ற டிப்போ மெக்கானிக்:

போடாதீர்கள். லாக்கோடு ஆணியில் மாட்டி வையுங்கள். அடுத்த தடவை செயினைக் கழுவ எடுக்கும்போது, இந்தப் பழையதன் முனையைப் புதியதன் முனையில் கோத்து இழுத்தால் பழையது உள்ளே போய் நிற்கும். திரும்ப மாட்டும்போது அதே மாதிரி இழுத்தால் புதியது தானாக முன் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி வந்துவிடும். அந்த மூடியைத் திறக்கவே வேண்டாம்.