அக்னி நட்சத்திரத்தில் உங்க மாடு எப்படித் தாக்குப்பிடிச்சுது?

பெருந்துறைக்காரன்:
எங்க கட்டுத்தரையில எச்.எப்.ங்கிற சீமை மாட்டுக் கலப்பு ஒண்ணு, நாட்டு மாடு காங்கேயம் ஒண்ணுங்க. அதே வேப்பமரம், அதே தண்ணி. மத்தியானம் காங்கேயம் சாவகாசமா படுத்து அசை போடுது. கலப்பு மாடு படுக்காம நின்னு, வாய் பொளந்து, எச்சில் வடிய இரைக்குது. விலா ஏறி இறங்குறதை எண்ணினா நிமிசத்துக்கு 80க்கு மேல. டாக்டர் முதல்ல கேட்டதே, "தீவனம் எந்நேரம் வெக்கறீங்க?"ன்னுதான். காலையில தின்னது வயித்துல நொதிச்சு சூடு கிளப்புற நேரமும் உச்சிவெயிலும் ஒண்ணா சேருதாம். இப்ப சோளத்தட்டு, வைக்கோல் எல்லாம் பொழுது சாஞ்ச பொறவுதான். மீதி விடியறதுக்கு முன்னாடி. ராத்திரி நல்லாவே திங்குதுங்க.

வந்தவாசி பால்காரர்:
எங்க தெருவுல ஒருத்தர் தகர ஷெட்டுல நாலு பக்கமும் ஈரச்சாக்கு கட்டினார். உள்ளே போனா இட்லிக் குண்டான்தான்! மாடு முன்னைவிட இரைச்சுது. ரெண்டு பக்கம் சாக்கை அவுத்துட்டு, தோல் நனையிற அளவுக்கு முதுகுலயும் விலாவுலயும் தண்ணி ஊத்தி, ஃபேனைத் திருப்பி வெச்சோம். கொஞ்ச நேரத்துல மூச்சு தணிஞ்சுது. தண்ணி காயும்போதுதான் சூட்டை எடுத்துட்டுப் போகும். காத்து இல்லாட்டி அது நடக்காது.

கிடைக்காரன், விளாத்திகுளம்:
மாட்டைப் பத்தியே பேசுதீங்க. செம்மறியைப் பாருங்க: வெயில் ஏற ஏற ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, தலையை அடுத்ததுக்க வயித்துக்கு அடியில சொருகிட்டு நிக்கும். நெருக்கத்துல காத்து போகாது. மெதுவா கலைச்சு மரநிழல்ல பரத்தி விடணும். அந்நேரம் விரட்டி ஓட்டவே கூடாது.

எருமை வீட்டுப் பொண்ணு:
எருமைக்கு வியர்வைச் சுரப்பி கம்மி, தோலும் கறுப்பு. குளம் வத்தினதுல இருந்து எங்க அப்பா போர் தண்ணிதான் ஊத்துறார். வெயில்ல கிடக்கிற ஹோஸ்ல முதல்ல வர்றது கொதிதண்ணி, அதைக் கீழ விட்டுட்டுப் பிடிக்கணும். குடிக்கிற தொட்டியும் நிழல்லதான் இருக்கணும்.

புதுசா வந்தவன்:
அண்ணா, சொசைட்டியில பால்ல கொழுப்பு குறையுதுங்கிறாங்க. வெயில்தானா?

பெருந்துறைக்காரன்:
இருக்கலாம் தம்பி. எச்சில்லதான் வயித்துப் புளிப்பை அடக்குற உப்பு இருக்கு. அது வாய் வழியா வெளிய ஒழுகிப்போனா உள்ளே புளிப்பு ஏறும், கொழுப்பு இறங்கும். எங்க டாக்டர் தீவனத்துல சோடா உப்பும் தாது உப்பும் சேர்க்கச் சொன்னார். அளவு மாட்டுக்கு மாடு மாறும், உங்க டாக்டரையே கேட்டுக்குங்க. மடிநோய் இருக்கான்னும் பார்க்கச் சொல்லுங்க.