நின்றால் சூடு, ஓடினால் சரி

(எங்கள் குடும்ப அரட்டைக் குழுவில்)

நான்: மாமா, அப்பாவின் பழைய கார் இன்றும் சூடாகிவிட்டது. பெல்ட்டில் சுற்றும் இரும்பு விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி போடலாம் என்று இருக்கிறேன்.

மாமா: கொஞ்சம் பொறு மாப்பிள்ளை. சூடு காட்டும் முள் எப்போது ஏறுகிறது? நிற்கும்போதா, ஓடும்போதா?

நான்: சிக்னலில் நின்றால் ஏறுகிறது. வேகம் எடுத்ததும் இறங்கிவிடுகிறது.

மாமா: அப்படியானால் காற்றுதான் போதவில்லை. ஓடும்போது ஏறினால் கதை வேறு. எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டரின் குழாய்களில் உப்பு படிந்து அடைத்திருக்கும், இல்லை சூடானதும் தண்ணீருக்கு வழி திறக்கிற தெர்மோஸ்டாட் பாதியில் சிக்கியிருக்கும். அதற்கு எந்த விசிறி போட்டும் பயன் இல்லை. நல்ல வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும்.

தம்பி: அண்ணா, எஞ்சின் சூடாக இருக்கும்போது கிரில்லின் முன்னால் ஒரு தாளைப் பிடித்துப் பாருங்கள். விசிறி நன்றாக இழுத்தால் தாள் ஒட்டிக்கொள்ளும்.

நான்: பார்த்தேன். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, தாள் சும்மா ஆடுகிறது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்தால் ஒட்டுகிறது.

மாமா: அதுதான் பெல்ட் விசிறியின் குறை. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று அதிகம் வேண்டிய நேரத்தில் குறைவாகத் தருகிறது. உன் காரில் விசிறியைச் சுற்றி ஷ்ரவுட், அதாவது காற்றை ரேடியேட்டர் வழியாகவே இழுக்க வைக்கும் கூடு, இருக்கிறதா?

நான்: இல்லை மாமா. யாரோ எப்போதோ கழற்றியிருக்கிறார்கள்.

மாமா: அது இல்லாவிட்டால் வெந்த காற்றையே ஓரத்தில் திரும்பத் திரும்ப இழுக்கும். மின்விசிறி வாங்கினாலும் ஷ்ரவுட்டோடு சேர்ந்ததாக வாங்கு. ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுக்கிற வகை நல்லது. முன்னால் வைத்தால் ஓடும்போது எதிர்க்காற்றை மறைக்கும்.

அக்கா: தம்பி, மின்சாரக் கணக்கு போட்டாயா? எஞ்சின் ஓடும்போது கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டர் எத்தனை ஆம்பியர்?

நான்: 35 என்று போட்டிருக்கிறது அக்கா.

அக்கா: இரண்டு ஹெட்லைட், தலா 60 வாட் என்றாலே 10 ஆம்பியர். விசிறி 20 எடுக்கும் என்று வை. அப்புறம் இக்னிஷன், வைப்பர், பின் விளக்குகள். ராத்திரி மழையில் சிக்னலில் நின்றால் பேட்டரிதான் ஈடுகட்ட வேண்டும், ஐடிலில் ஆல்டர்னேட்டர் முழு 35-ஐயும் தராது. கொஞ்சம் குறைவாக இழுக்கிற விசிறி பார், இல்லையென்றால் ஆல்டர்னேட்டரையும் மாற்று. பழைய இக்னிஷன் சுவிட்ச் வழியாக விசிறிக்குக் கரண்ட் கொடுக்காதே. பேட்டரியிலிருந்து நேராக, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, ரிலே வழியாகக் கொடு; சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச் அது. சூட்டைப் பார்த்து இயங்கும் சுவிட்ச் அந்த ரிலேயை மட்டும் இயக்கட்டும்.

தம்பி: அண்ணா, சில பழைய கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியோடு சேர்ந்திருக்கும். அதையும் பார்த்துவிடுங்கள். ஒயரை மாற்றிக் கொடுத்தால் விசிறி எதிர்ப்பக்கம் சுற்றும்.

நான்: நம்முடையது நெகட்டிவ்தான், பார்த்துவிட்டேன். மாமா, எந்தச் சூட்டில் விசிறி ஓடத் தொடங்க வேண்டும்?

மாமா: உன் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கிறது இல்லையா? எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியே வருகிற பக்கத்தில் அந்தச் சூட்டு சுவிட்சை வைத்தால், 92-இல் ஓடத் தொடங்கி 87-இல் நிற்கிறது போதும். 80-இல் நிற்கும்படி வைத்தால் விசிறி நிற்கவே நிற்காது. தண்ணீர் 82-க்குக் கீழே வராமல் தெர்மோஸ்டாட் பிடித்துக்கொண்டிருக்கிறதே.

மாமா: இன்னொன்று, மறந்துவிடாதே. ரேடியேட்டரின் நடுவே பிளாஸ்டிக் டை குத்தி விசிறியைக் கட்டுவார்கள். அதிர்வில் அது குழாயை அறுத்துவிடும். பிராக்கெட் செய்து ஓரச் சட்டத்தில் பூட்டு. பழைய விசிறியை எடுத்த பிறகு அதே நீள போல்ட்டைப் போட்டு முறுக்காதே, விசிறியின் தடிமன் போய்விட்டதால் முனை வாட்டர் பம்ப்பில் போய் இடிக்கும். குட்டை போல்ட் போடு.

அப்பா: தினமும் தண்ணீர் குறைகிறதே, அதற்கு என்ன செய்வது? இந்த வண்டியை நான் ஒரு நாளும் கொதிக்க விட்டதில்லை.

மாமா: மச்சான், அது கசிவு இல்லாமலும் இருக்கலாம். சூட்டில் கூலன்ட், அதாவது ரேடியேட்டர் தண்ணீர், விரிந்து ரேடியேட்டர் கழுத்தில் இருக்கிற குழாய் வழியாக ரோட்டில் போகிறது. அந்தக் குழாயை ஒரு பாட்டிலில் விட்டு, அதன் முனை எப்போதும் கூலன்ட்டுக்குள் முழுகியிருக்கும்படி வைத்தால், எஞ்சின் ஆறும்போது திரும்ப இழுத்துக்கொள்ளும். ரேடியேட்டர் மூடி மட்டும் கழுத்தின் மேல் விளிம்பிலும் ரப்பர் வைத்து அடைக்கிற வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றைத்தான் இழுக்கும். அழுத்தம் பழைய மூடியில் 7 பி.எஸ்.ஐ. என்றால் புதியதும் 7-தான். 15 போட்டால் பழைய ஈயப்பற்று விட்டுப்போகும்.

(இரண்டு வாரம் கழித்து)

நான்: முடிந்தது மாமா. மதியம் கால் மணி நேரம் ஐடிலில் நிறுத்திப் பார்த்தேன். 92-இல் விசிறி ஓடியது, இரண்டு நிமிடத்தில் நின்றது. மறுபடி ஓடியது, நின்றது. முள் பாதியைத் தாண்டவில்லை. பாட்டிலில் போன கூலன்ட்டும் ஆறிய பிறகு திரும்பிவிட்டது.

மாமா: ரொம்பச் சந்தோஷம். ஹெட்லைட் போட்டுப் பார்த்தாயா?

நான்: விளக்கு, வைப்பர், விசிறி மூன்றும் ஓடும்போது பேட்டரியில் 13.4 வோல்ட் நிற்கிறது. அக்கா சொன்னபடி சின்ன விசிறிதான் போட்டேன்.

அக்கா: அது போதும் தம்பி. அந்த விசிறி பேட்டரியிலிருந்து நேராக ஓடுகிறது. எஞ்சினை அணைத்த பிறகும் திடீரென்று சுற்றலாம். கை வைக்கும் முன் ஃபியூஸை எடுத்துவிடு. அப்பாவிடமும் சொல்லிவிடு.

அப்பா: படித்துவிட்டேன் அம்மா. பழைய விசிறியைத் துடைத்து எண்ணெய் தடவி வை. அதன் போல்ட்டுகளையும் அதே துணியில் சேர்த்துக் கட்டு.