பி பிளாட் அழுத்தினால் சி மைனரா?

அஞ்சரைக்கட்டை:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "பிள்ளைகளை சிங்கிள் பிங்கர் மோடில் பழக விடுங்கள், கார்ட் தியரி தானாக வந்துவிடும்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. கார்ட் என்றால் சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்; கீபோர்டில் ஒன்றிரண்டு கட்டையை அழுத்தியே முழுக் கார்டையும் பெட்டியை வாசிக்க வைப்பதுதான் இந்த சிங்கிள் பிங்கர். யமஹா பெட்டியில் சி மட்டும் அழுத்தினால் சி மேஜர். சரி. அதோடு இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டையை, அதாவது பி பிளாட்டை, சேர்த்தால் சோகமாக ஒலிக்கும் சி மைனர். சி மைனர் என்பது சி, ஈ பிளாட், ஜி. இதில் பி பிளாட் எங்கே ஐயா இருக்கிறது? இடப்பக்கத்து வெள்ளைக் கட்டை பி சேர்த்தால் சி செவன்த். உண்மையான சி செவன்த்தில்தான் பி பிளாட் இருக்கிறது, பி இல்லவே இல்லை! இதிலிருந்து தியரி வருமாம்.

மேடைக்காரன்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அது சுரம் இல்லை, சைகை. பெட்டிக்கு நாம் காட்டும் சைகை. இருபது வருஷமாகக் கல்யாண மேடையில் வாசிக்கிறேன், எந்த மாப்பிள்ளையும் இறங்கி வந்து "பி பிளாட் எங்கே" என்று கேட்டதில்லை.

சின்னப்பெட்டி:
கேசியோவில் இந்தத் தொல்லையே கிடையாது. கேசியோ கார்ட் மோடில் முதல் கட்டைக்கு வலப்பக்கம் எதையாவது ஒன்றை அழுத்தினால் மைனர். இரண்டு அழுத்தினால் செவன்த், மூன்று அழுத்தினால் மைனர் செவன்த். எண்ணிக்கைதான் கணக்கு.

அஞ்சரைக்கட்டை:
கேசியோவை யார் கேட்டது? என் கேள்வி ஒன்றுதான். பி பிளாட் எங்கே?

கோரஸ்தம்பி:
அண்ணன்மாரே, முதலில் மோடுகளைப் பிரித்துக்கொள்வோம். சிங்கிள் பிங்கர் குறுக்குவழி. பிங்கர்டு என்றால் கார்டின் சுரங்களையே பிடிக்க வேண்டும். மல்டி பிங்கர் இரண்டையும் ஏற்கும். பிங்கர்டு ஆன் பேஸில் அழுத்தியதிலேயே கீழ்ச்சுரம் பேஸ், அதாவது அடிநாதம், ஆகும். ஏஐ பிங்கர்டில் மூன்றுக்குக் குறைவாக அழுத்தினாலும் முந்தைய கார்டை வைத்துப் பெட்டி ஊகிக்கும் (இந்த ஏஐ இப்போதைய ஏஐ கூச்சலுக்கு வெகுகாலம் முந்தியது). நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்?

அஞ்சரைக்கட்டை:
வகுப்பெடுத்ததற்கு நன்றி தம்பி. நான் பேசுவது பி பிளாட்டைப் பற்றி. என்னிடம் ஒரு பையன் வந்தான், வயது பன்னிரண்டு. ஆறு மாதம் சிங்கிள் பிங்கரில் பழகியவன். ஸ்டைலை, அதாவது பெட்டி தானாக வாசிக்கும் பின்னணியை, அணைத்துவிட்டு, பியானோ டோன் வைத்து, "சி மைனர் பிடி" என்றேன். சுண்டுவிரலை பி பிளாட்டிலும் மோதிர விரலை சி-யிலும் வைத்தான். மோட்டார் ஹாரன் மாதிரி ஒரு சத்தம். விரலை எடுக்காமலே என்னைப் பார்த்து, "சார், இது ஏன் சோகமாக இல்லை?" என்றான். மேடைக்காரரே, அவனுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.

மேடைக்காரன்:
ஸ்டைலை அணைத்தது உங்கள் தப்பு. பி பிளாட் சி மைனர் செவன்த்தில் இருக்கிறதே, போதாதா?

அஞ்சரைக்கட்டை:
ஆகா! அந்த மைனர் செவன்த்துக்கு உங்கள் பெட்டி என்ன கேட்கிறது? சி-யோடு பி பிளாட், பி இரண்டும். அந்த பி எங்கிருந்து வந்தது? ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய்.

கோரஸ்தம்பி:
எனக்கு வேறு குறை. சி, ஜி, ஏ மைனர் என்று போகும்போது பேஸ் சி, பி, ஏ என்று படியிறங்கினால்தான் பாட்டுக்கு அழகு. ஆன் பேஸ் மோடில் ஜி கார்டை பி கீழே வரும்படி பிடித்தால் அது கிடைக்கும். சிங்கிள் பிங்கரில் பேஸ் ஜி-க்குத் தாவிவிடும்.

மேடைக்காரன்:
நிதானமாக உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு அதெல்லாம் சரி. பாடகர் திடீரென்று சரணத்தை விட்டுப் பல்லவிக்குத் தாவினால் எந்தப் படியில் இறங்குவீர்கள்? அப்புறம், "அஞ்சரைக்கட்டை" என்று பெயர் வைத்திருப்பவர் அஞ்சரைக் கட்டைச் சுருதியில், அதாவது ஜி ஷார்ப்பில், நேராக வாசிப்பாரா? இல்லை, சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திவிட்டு சி-யில்தானா?

அஞ்சரைக்கட்டை:
டிரான்ஸ்போஸ் வேறு விஷயம்.

சின்னப்பெட்டி:
மாட்டிக்கொண்டார்!

அஞ்சரைக்கட்டை:
வேறு விஷயம் என்றேன். அதில் சி மைனர் பிடித்தால் எல்லாச் சுரமும் சேர்ந்து ஏறும், பொய்ச் சுரம் எதுவும் நுழையாது. சின்னப்பெட்டி, உங்களைப் போல எண்ணிக்கை பார்த்து அழுத்துகிறவருக்கு இது புரியாது.

சின்னப்பெட்டி:
கேசியோவிலும் பிங்கர்டு இருக்கிறது, ஒன்று இரண்டு மூன்று என்று மூன்று வகை. பிங்கர்டு 2-இல் சிக்ஸ்த் கார்டே வராது, அதே சுரங்களை மைனர் செவன்த்தாக எடுத்துக்கொள்ளும். தெரியாமல் பேச வேண்டாம்.

அஞ்சரைக்கட்டை:
பார்த்தீர்களா, சி சிக்ஸ்த் பிடித்தால் ஏ மைனர் செவன்த்! அதுவும் பொய்ப்பெட்டிதான்.

கோரஸ்தம்பி:
இரண்டுக்கும் சி, ஈ, ஜி, ஏ என்ற அதே நாலு சுரம்தானே அண்ணா...

அஞ்சரைக்கட்டை:
தம்பி, பெரியவர்கள் பேசும்போது நடுவில் வராதே. மேடைக்காரரே, இதுவரை பதில் வரவில்லை. சி, ஈ பிளாட், ஜி. எண்ணிப் பாருங்கள். பி பிளாட் எங்கே?

மேடைக்காரன்:
போன ஆடியில் என்னிடம் இரவல் வாங்கிய சஸ்டெயின் பெடல் எங்கே? முதலில் அதைச் சொல்லுங்கள்.

அஞ்சரைக்கட்டை:
அது வாங்கும்போதே ஒயர் அறுந்திருந்தது.