நாவல் எழுதினாலும் கையேடு மாதிரியே வருகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். டெக்னிக்கல் ரைட்டராக 16 வருடம் ஆகிறது. பம்ப் பராமரிப்புக் கையேட்டில் ஆரம்பித்து, வங்கி மென்பொருளின் உதவிப் பக்கங்கள், ரத்தச் சர்க்கரைக் கருவியின் விளக்கத் தாள் என்று போய், கடைசி 5 வருடமாக விமானப் பராமரிப்பு ஆவணங்கள். இங்கே எஸ்டிஇ (எளிமைப்படுத்திய தொழில்நுட்ப ஆங்கிலம்) விதிப்படிதான் ஆங்கிலம் எழுத வேண்டும். செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்.

இரவில் நாவல் எழுதுகிறேன். பம்ப் ஹவுஸில் இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு பெண்ணின் கதை. 11 அத்தியாயம் முடிந்தது. திரும்பப் படித்தால், "வால்வை மூடினாள். மோட்டாரை நிறுத்தினாள். பதிவேட்டில் நேரம் எழுதினாள்" என்றே போகிறது. அவள் அப்பா இறந்த செய்தி வரும் இடமும் இப்படித்தான். வேலையை விட்டால் இந்தப் பழக்கம் போகுமா?

பதில் 1:
விடாதீர்கள். அமெரிக்க நாவலாசிரியர் தாமஸ் பிஞ்சன் 1960 முதல் 1962 வரை போயிங் விமான நிறுவனத்தில் இதே வேலைதான் பார்த்தார், 1963-இல் முதல் நாவல் வந்தது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் டெட் சியாங்கும் மென்பொருள் துறையில் டெக்னிக்கல் ரைட்டராக இருந்தவர்தான்.

பதில் 2:
நானும் இதே தொழில். அப்பா இறந்த இடத்தில் வாக்கியங்களை மாற்றாதீர்கள். செய்தி கேட்டவள் கை பழகிய வேலையைத்தான் செய்வாள். எனக்கு இடிப்பது வேறு. கையேட்டில் எச்சரிக்கை எப்போதும் செய்முறைப் படிக்கு முன்னால் வரும். என் நாவலிலும் அப்படியே செய்திருந்தேன். நடக்கப்போகும் துக்கத்தை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவேன். 9 அத்தியாயங்களில் முதல் பத்தியை வெட்டினேன். அப்புறம், கையேட்டில் யாரும் எந்தப் படியையும் விட்டுவிடுவதில்லை. அன்றைக்கு உங்கள் பெண் எதை விட்டாள்?

கேட்டவர்:
இந்தக் கேள்வி இரண்டு நாளாக மனசை விட்டுப் போகவில்லை. முதல் கையேட்டுக்காக ஒரு ஆபரேட்டர் கூடவே ஒரு வாரம் இருந்தேன். மீட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் பேரிங் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடும் அதிர்வும் அதிலேயே தெரிந்துவிடும். அதை எழுதினேன், பரிசீலனையில் எடுத்துவிட்டார்கள். ஓடும் இயந்திரத்தைத் தொடச் சொல்லக் கூடாது, சரிதான்.

அந்தப் பழக்கத்தை அவளுக்கு அப்பாதான் கற்றுக்கொடுத்தார் என்று வைத்திருக்கிறேன். அன்றைக்கு அவள் மீட்டரை மட்டும் பார்க்கிறாள். ஏழாம் அத்தியாயத்தை இன்றிரவு மறுபடி எழுத உட்காருகிறேன்.